விரியன் எங்கே போயிற்று?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள், மதிய உணவுக்குப் பிந்திய மறைக்கல்வி வகுப்பு. கண்கள் தாமே செருகும் நேரம். அன்று திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம், இருபத்தெட்டாம் அதிகாரங்களை அருட்சகோதரி எங்களை மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார். புனித பவுலைக் கைதியாக உரோமைக்கு ஏற்றிச் சென்ற கப்பல் புயலில் சிக்குகிறது. அதில் இருந்த 276 பேரும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் நீந்தியும் கரை சேர்கிறார்கள். அத்தீவின் பெயர் மால்தா. (எங்கள் வகுப்பறை உலகப் படத்தில் மால்ட்டா என்று இருக்கிறது. புனித பவுலைச் சின்னப்பர் என்றே இன்றும் சொல்லும் பாட்டிமார் எங்கள் வீடுகளில் உண்டு. ஆகையால் பெயர் மாறுவது எங்களுக்குப் புதிதன்று.) மழையும் குளிரும். தீவினர் அன்போடு நெருப்பு மூட்டுகின்றனர். பவுல் சுள்ளிகளைப் பொறுக்கி வந்து நெருப்பில் இட, சூடு தாங்காத விரியன் பாம்பு ஒன்று வெளிவந்து அவர் கையைப் பற்றிக்கொள்கிறது. இவன் கொலைகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள். பாம்பை உதறிவிட்டு அவர் நலமாக நிற்கவே, இவர் ஒரு தெய்வம் என்கிறார்கள்!

ஐந்து நிமிடத்தில் கொலைகாரன் தெய்வமாகிவிட்டதை எண்ணி நாங்கள் சிரித்தோம். தூக்கம் கலைந்தது. அப்போது கடைசி பெஞ்சுத் தோழி எழுந்து, "சிஸ்டர், மால்தாவில் விரியன் பாம்பே கிடையாதாம், என் சித்தி சொன்னாங்க," என்றாள்.

வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அருட்சகோதரி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவரோ, "அப்படியானால் விரியன் எங்கே போயிற்று என்று நீங்களே கண்டுபிடித்து வாருங்கள்," என்று சொல்லிவிட்டார். பிப்ரவரி 10 மால்தா மக்கள் புனித பவுலின் கப்பற்சேதத்தைக் கொண்டாடும் திருநாள். அந்த வாரத்தில் வந்த எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு மால்தாவின் செடிகொடிகளையும் உயிர்களையும் பற்றிச் சார்ட் தயாரிக்கும் வேலை, வாயைத் திறந்த குற்றத்துக்காக, அந்தப் பெஞ்சின் ஐவர் தலையில் விழுந்தது. அந்த ஐவரே நாங்கள்.

எங்களுக்கு ஒரு பெரிய உதவி இருந்தது. தோழியின் சித்தி செவிலியர் படிப்பு முடித்து மால்தாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். நம் நாட்டிலிருந்து அப்படிச் சென்றவர்கள் அங்கே பலர். இப்போது அவர் எங்கள் ஐவருக்குமே சித்தி. இரவுப் பணி முடிந்த களைப்பிலும் எங்கள் கேள்விகளுக்குக் கைப்பேசியில் குரற்செய்தி அனுப்புவார். வார விடுமுறையில் வெளியே போனால் படம் எடுத்து அனுப்புவார்.

முதலில் வந்த படத்தைக் கண்டு எங்கள் உற்சாகம் பாதியாகக் குறைந்தது. ஆகஸ்ட் மாதப் படம் அது. மஞ்சள் நிறக் கல், கல்லால் அடுக்கிய வேலி, கல் வீடு, காய்ந்த புல், அப்பால் நீலக் கடல். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மால்தா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுர கி.மீ.தான். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ.! அந்தச் சிறிய இடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் நாடு அதுதான். மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆறில்லை. இதில் எந்த உயிரினத்தைப் பற்றி எழுதுவது? மடகாஸ்கரை எடுத்துக்கொள்ளலாமா என்று அருட்சகோதரியிடம் கேட்டோம். அவர் சம்மதிக்கவில்லை.

நவம்பரில் சித்தி அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு படம் எடுத்து அனுப்பினார். எங்களால் நம்ப முடியவில்லை. கல்லிடுக்கெல்லாம் பச்சை! மத்தியதரைக் கடல் நாடுகளில் கோடையில் மழையே கிடையாது, குளிர்காலத்தில்தான் மழை. மால்தாவில் ஆண்டுக்குச் சுமார் 550 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும். ஆகவே அங்குள்ள செடிகள் கோடையில் உறங்கிக் குளிரில் விழிக்கின்றன. நாங்கள் பார்த்தது செத்த நிலமன்று, உறங்கும் நிலம். புத்தகத்தில் 'மத்தியதரைக்கடல் காலநிலை' என்று ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தாம் நாங்கள். ஆனாலும் அந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் அது புரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பாறையின் குழிகளில் சேர்ந்த ஒரு பிடி மண்ணில் வேரூன்றி, முழங்கால் உயரத்துக்கு மேல் வளராமல், காற்றுக்குத் தலை வணங்கி வாழும் புதர்களே அங்கே மிகுதி. தைம் என்னும் வாசனைப் புதர் மே, ஜூன் மாதங்களில் பாறையை ஊதா நிறமாக்கிவிடுகிறது. அதன் தேனுக்கு மால்தாவில் தனி மதிப்பு. தேன் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்தே தீவின் பெயர் வந்தது என்று ஒரு கருத்து உண்டு. அங்குள்ள தேனீயும் அந்தத் தீவுக்கே உரிய தனி வகை என்று 1997-இல் விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கிறார்கள். கோட்டைச் சுவர்களின் விரிசலில் கேப்பர் செடி தொங்குகிறது. நம் ஆதண்டைக்கு உறவு. வெள்ளைப் பூவின் நடுவே ஊதா நிறக் கேசரங்கள் அவ்வளவு அழகு! ஆனால் மொட்டாக இருக்கும்போதே பறித்து உப்பில் ஊறப்போட்டு விடுகிறார்கள். நம் நரிவெங்காயத்தின் உறவான கடல் நரிவெங்காயம், இலை எல்லாம் உதிர்ந்த கோடைக் கடைசியில், ஒரு முழத் தண்டை நீட்டி வெள்ளைப் பூ பூக்கிறது. சப்பாத்திக்கள்ளியும் உண்டு. ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி, நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியைப் போலவே. புனித பவுல் அதைப் பார்த்திருக்க முடியாது என்று எங்களுள் ஒருத்தி சொன்னபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்படி இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் அந்தச் சிறு நிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் வகை!

அவற்றுள் எங்கள் மனத்தைக் கவர்ந்தது 'கடலின் காது' என்று பொருள்படும் பெயரால் மால்தா மக்கள் அழைக்கும் செடி. தடித்த இலை, சாமரம் போன்ற ஊதாப் பூ. செங்குத்தான கடற்பாறைகளின் முகத்தில் வளர்கிறது. இந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராது. அதுவே அந்த நாட்டின் தேசியச் செடி. ஆடும் ஏறாத, மனிதனும் ஏறாத இடத்தில் இருந்ததால் பிழைத்தது என்று படித்தோம். சமநிலத்தில் இருந்த மரங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் வாழும் தீவு அது. வயலுக்காகவும் விறகுக்காகவும் மரங்கள் போயின. தளிர்த்தவற்றை ஆடுகள் மேய்ந்தன. தேசிய மரமான சாண்டராக் மரம் காட்டில் தானாக நிற்பது இன்று மிகச் சிலவே.

இங்கேதான் விரியனின் கதைக்கு வருகிறோம். இன்று மால்தாவில் பாம்புகள் நான்கு வகை. மூன்றுக்கு நஞ்சில்லை. நான்காவதான பூனைப்பாம்புக்கு வாயின் பின்பக்கத்தில் சிறு நஞ்சுப்பல் உண்டு; மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை. விரியன் இல்லை. காடும் புதரும் அழிந்து மக்கள் பெருகியபோது விரியனும் அழிந்திருக்கலாம் என்பார் சிலர். பவுல் கரையேறியது வேறு தீவு என்று வாதிடுபவரும் உண்டு. மால்தா மக்களோ, பவுல் அன்று பாம்புகளின் நஞ்சையெல்லாம் நீக்கிவிட்டார் என்று கதை சொல்வார்கள். அப்படி நீக்கிய நஞ்சு எங்கே போயிற்று? பெண்களின் நாவுக்குப் போயிற்றாம்! சித்தி இதைச் சொன்னபோது நாங்கள் ஐவரும் ஒருசேரக் கத்தியதில் அந்தக் கதை மெய்யோ என்று எங்களுக்கே ஐயம் வந்துவிட்டது. அருட்சகோதரி வேறொன்றைக் கவனிக்கச் சொன்னார். பவுல் பொறுக்கியது கட்டைகளை அல்ல, சுள்ளிகளை. சுள்ளிக்குக் காடு வேண்டுமா? முழங்கால் உயரப் புதர் போதாதா? அன்றைய மால்தா எப்படி இருந்திருக்கும் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் முழு மாலையும் பேசினோம்.

நாக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். மால்தாவின் சுண்ணாம்புப் பாறைகளில் முக்கோண வடிவில் பளபளப்பான கற்கள் கிடைக்கும். அவற்றைப் 'பவுலின் நாக்கு' என்று அழைத்து, விஷத்துக்கு மருந்தென்று ஐரோப்பா முழுவதும் விற்றார்கள்; பிரபுக்கள் அதை மதுக்கிண்ணத்தில் தோய்த்துக் குடித்தார்கள். 1666-இல் இத்தாலியக் கரையில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் மருத்துவர் அறுத்துப் பார்த்தார். அதன் பற்கள் 'நாக்குக் கற்களைப்' போலவே இருந்தன! அவை பழங்காலச் சுறாக்களின் பற்கள் என்று 1667-இல் எழுதினார். புவியியல் என்னும் அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவரும் ஒருவர். அதே 1667-இல் கத்தோலிக்கராகி, பின்னர் குருவும் ஆயருமாகி, 1988-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களால் அருளாளர் பட்டம் பெற்றவரும் அவரே. விஞ்ஞானப் பாடத்திலும் மறைக்கல்வியிலும் ஒருசேர வரக்கூடிய இவரைப் பற்றி இதுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று சிறு வருத்தம்.

மால்தாவில் ஆர் தாலம் என்றொரு குகை. இருட்குகை என்று பொருள். அதன் அடி மண்ணில் யானைகளின் எலும்பும் நீர்யானைகளின் எலும்பும் குவியலாகக் கிடைத்தன. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் சிசிலியிலிருந்து வந்தவை தீவில் அகப்பட்டுக்கொண்டன. உணவோ குறைவு; துரத்தும் சிங்கம் புலியோ இல்லை. பெரிய உடம்பு எதற்கு? தலைமுறை தலைமுறையாக யானை சிறுத்துக் குள்ளயானை ஆயிற்று. அதே தீவில் வாழ்ந்த ஓர் அன்னமோ இன்றைய அன்னங்களைவிடப் பெருத்துவிட்டது! இரண்டுமே இன்று இல்லை. அவற்றைச் சார்ட்டில் வரைந்தவள் யானையையும் அன்னத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் போட்டுவிட்டாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் அதிக நாள் செலவிட்டது காளான் பாறைக்கு. கோசோத் தீவின் மேற்குக் கரையில் த்வேய்ரா என்னும் விரிகுடா. அதன் வாயிலில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஒரு பாறை. உச்சியில் ஒரு விசித்திரச் செடி வளர்கிறது. இலை இல்லை, பச்சை நிறமே இல்லை. வேறு செடிகளின் வேரை உறிஞ்சி வாழ்ந்து, மழைக்காலம் முடியும் வேளையில் கருஞ்சிவப்பு நிறத்தில் உலக்கைக் கொழுந்துபோல் மண்ணைக் கிழித்துக்கொண்டு வருகிறது. பார்ப்பதற்குக் காளான், உண்மையில் பூக்கும் தாவரம். சிவப்பாக இருப்பதால் இரத்தப்போக்கை நிறுத்தும் என்று அக்கால மருத்துவர் நம்பினர். நிறமும் வடிவமும் நோய்க்கு மருந்தைக் காட்டும் என்பது அன்றைய கொள்கை. 1530 முதல் 1798 வரை மால்தாவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள் அதை ஐரோப்பிய மன்னர்களுக்குப் பரிசாக அனுப்பினர். 1746-இல் தலைவர் பின்ட்டோ, அனுமதியின்றி ஒருவரும் அப்பாறையில் ஏறக்கூடாதென்று ஆணையிட்டார். காவல் வைத்தனர். ஏற முடியாதபடி பாறையின் பக்கங்களைச் செதுக்கி வழவழப்பாக்கினர். கரைக்கும் பாறைக்கும் இடையே கயிறு கட்டி, அதில் தொங்கும் பெட்டியில் ஒருவர் உட்கார்ந்து போய்ச் செடியைப் பறித்து வருவார். கீழே அலை அடித்துக்கொண்டிருக்கும்! அந்தப் பெட்டியில் ஏற எங்களுள் யாருக்குத் துணிவு உண்டு என்று பந்தயம் போட்டோம். ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். அவள் இராட்டினத்துக்கே அழுதவள்.

அந்தச் செடியை அந்த நம்பிக்கையோடு இன்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை. மருந்து என்று எண்ணியது பிழை. ஆனால் அந்தப் பிழையினால் வைத்த காவல் அந்தப் பாறையைக் காத்தது! இன்றும் அங்கே ஏறத் தடை உண்டு. இப்போது காரணம் வேறு, அது இயற்கைக் காப்பிடம். அதே விரிகுடாவில் 'நீலச் சாளரம்' என்று உலகெங்கும் பெயர்பெற்ற கல்வளைவு ஒன்று இருந்தது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்தது. பார்க்க வந்த கூட்டமெல்லாம் வளைவைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் பக்கத்துப் பாறையைத் திரும்பிப் பாராமல் போய்விடும் என்று ஓர் எழுத்தாளர் குறைபட்டிருந்தால் நாங்கள் ஆச்சரியப்பட மாட்டோம்.

மால்தாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் ஃபில்ஃப்லா என்று ஒரு துணுக்குத் தீவு. மிளகு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயராம். மிளகளவுதான் இருக்கிறது. ஆனால் அதிலே உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பல்லியினம்! மால்தாச் சுவர்ப் பல்லியின் இனமே அது. ஆனால் தீவில் தனித்து வாழ்ந்து அளவில் பெருத்து, கறுத்த உடலில் நீலப்பச்சைப் புள்ளிகளோடு வேறு உருவம் கொண்டுவிட்டது. பகலெல்லாம் கடலில் பறந்து இருட்டிய பிறகே கூடு திரும்பும் புயற்பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே முட்டையிடுகின்றன. கையளவே உள்ள கரிய பறவை. இத்தகைய இடத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? ஆங்கிலேயக் கடற்படை, குண்டு எறிந்து பழகும் இலக்காக வைத்திருந்தது! 1971 வரை அது நடந்தது. தீவின் ஓரங்கள் உடைந்து சரிந்தன. பின்னர் 1988-இல் சட்டம் இயற்றி அதைக் காப்பிடம் ஆக்கினார்கள். அனுமதி இல்லாமல் இன்று யாரும் கரையிறங்க முடியாது. வெடிக்காத குண்டுகளும் அங்கே கிடப்பதால் பல்லிகளுக்கு நல்ல காவல் என்று சித்தி வேடிக்கையாகச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. தொல்லை தொடங்கியது சித்தியின் தாத்தாவினால்.

சொந்தத் தாத்தா அல்லர். முதியோர் இல்லத்தில் சித்தி கவனித்துக்கொள்ளும் ஒரு முதியவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரிடம் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய காசுகள். 2008-இல் யூரோ வருவதற்குமுன், 1986 முதல் மால்தா தன் காசுகளில் தன் நாட்டு உயிர்களையே பொறித்திருந்தது: தேசியப் பறவையான நீலப் பாறைக்குருவி, லம்புக்கா மீன், ஓடை நண்டு, வீசல் என்னும் கீரி போன்ற சிறு விலங்கு. அந்த நண்டு நல்ல தண்ணீர் ஓடும் சில பள்ளத்தாக்குகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆறில்லாத நாட்டில் ஆற்று நண்டு வாழ்வது எவ்வளவு சிரமம்! காசுகளைப் பென்சிலால் காகிதத்தில் தேய்த்துப் படமெடுத்துச் சித்தி அனுப்பினார். எங்கள் சார்ட்டின் நான்கு ஓரங்களுக்கும் அவையே அழகு.

அடுத்த வாரம் அந்தத் தாத்தாவின் அறையிலிருந்து இன்னொரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பறவை. செம்பழுப்பு முதுகு, மஞ்சள் தொண்டை, நீலப்பச்சை மார்பு. கிளையில் உட்கார்ந்து எங்களையே பார்ப்பதுபோல் இருந்தது. "எவ்வளவு அழகு!" என்றோம். பிறகுதான் தெரிந்தது, அது சுடப்பட்டுப் பஞ்சு அடைத்து வைத்த பறவை. தாத்தா இளைஞராக இருந்தபோது சுட்டது. தமிழில் இதற்கு என்ன பெயர் என்று அவர் சித்தியைக் கேட்டாராம். சித்திக்குத் தெரியவில்லை. எங்களைக் கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை! நூலகத்தில் பறவைப் புத்தகத்தைப் புரட்டிப் பஞ்சுருட்டான் இனம் என்று கண்டோம். நம் ஊர் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டானின் ஐரோப்பியப் பங்காளி அது. தேனீயைப் பிடித்துக் கிளையில் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டே விழுங்கும். மால்தா மொழியில் அதன் பெயர் 'தேனீக்களை அழிப்பது' என்று பொருள்படும். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் மால்தாவைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போகிறது, இலையுதிர்காலத்தில் திரும்புகிறது.

அப்படிக் கடக்கும் பறவைகள் மால்தாவில் எண்ணற்றவை. இரண்டு கண்டங்களுக்கு நடுவே கடலில் உள்ள படிக்கல் அது. செப்டம்பரில், சபை வீரர்கள் காலத்தில் வளர்த்த புஸ்கெட் என்னும் சிறு சோலையில் கழுகினங்கள் மாலையில் வந்து இறங்குவதைக் காண மக்கள் கூடுகிறார்கள். ஆனால் நூற்றாண்டுகளாகவே அங்கே வசந்தம் என்றால் துப்பாக்கிச் சத்தம். வலைவீசிக் குருவி பிடிப்பதும் குடும்ப வழக்கம். பறவைகளுக்காகப் பேசும் சங்கமும் 1962 முதலே இருக்கிறது. வசந்தகால வேட்டையை நிறுத்தலாமா என்று 2015 ஏப்ரலில் நாடு முழுவதும் வாக்கெடுத்தார்கள். வேட்டை தொடரட்டும் என்ற பக்கம் சுமார் 2,200 வாக்குகளில் வென்றது! அந்த வேட்டையின் இரண்டு பறவைகள் எவை தெரியுமா? காடையும் காட்டுப்புறாவும். பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்கு உணவாக வந்தது காடை. குழந்தை இயேசுவைக் கோவிலில் அர்ப்பணித்தபோது ஏழைகளின் காணிக்கையாகச் சட்டம் குறித்தது புறா இணை. அந்தக் காட்டுப்புறா அழியும் நிலையை நெருங்குகிறதென்று உலகப் பட்டியலில் சேர்த்ததும் அதே 2015-இல்தான். 2017-இல் வசந்தத்தில் புறாவைச் சுடுவதை நிறுத்தினார்கள்; 2022-இல் மறுபடி அனுமதித்தார்கள். குருவிகளை வலையில் பிடிக்க மால்தா தந்த அனுமதி சட்டத்துக்கு மாறானது என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றைச் சார்ட்டில் எழுதுவதா, வேண்டாமா? எங்களுக்குள் சண்டை வந்தது. "பெற்றோர் வரும் நாளில் புனித பவுலின் பாதம் பட்ட நாட்டைக் குறை சொல்வதா?" என்றாள் ஒருத்தி. "நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரம்," என்றாள் இன்னொருத்தி. பஞ்சுருட்டானின் படத்தைப் போட்டு, அது பஞ்சடைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூன்றாமவள் யோசனை சொன்னாள். அதுவே எல்லோருக்கும் எளிதாகத் தோன்றியது. வெட்கத்தோடு சொல்கிறோம், ஒட்டியும் விட்டோம். சித்தியும், "அவர் எனக்கு அப்பா மாதிரி, அவரைக் கெட்டவராகக் காட்டிவிடாதீர்கள் கண்ணுகளா," என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் ஐவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அருட்சகோதரியிடம் போனோம். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. "அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவரையே கேளுங்கள்," என்றார்.

கேட்டோம். நடுங்கிக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதி, மூன்று முறை திருத்தி அனுப்பினோம். சித்தி அதை அவருக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய பதில் சித்தியின் குரலில் வந்தது:

"2015-இல் நான் வேட்டை வேண்டாம் என்று போட்டேன். என் மகன் வேண்டும் என்று போட்டான். எங்கள் வீட்டில் வாக்கு சமம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பறவையைச் சுட்டவன் நான் என்று எழுதுங்கள். வருந்துகிறான் என்று அழகுபடுத்தி எழுத வேண்டாம். அழகாக இருந்தது, அதனால் சுட்டேன் என்று எழுதுங்கள். அது உண்மை. இன்று அதைச் சுடுவது குற்றம் என்பதையும் எழுதுங்கள். பெயரை மட்டும் தமிழில் எனக்கு எழுதி அனுப்புங்கள்."

அப்படியே எழுதினோம். கண்காட்சி நாளில் பலர் குள்ளயானையைப் பார்த்துச் சிரித்தார்கள். காசுகளைத் தடவிப் பார்த்தார்கள். தோழி ஒருத்தியின் தந்தை பஞ்சுருட்டானின் கீழிருந்த நான்கு வரிகளை வாசித்துவிட்டு, தாமும் சிறுவயதில் கவணால் மைனா அடித்ததை எங்களிடம் சொன்னார். அவருடைய மகளே அதை அன்றுதான் கேட்டாளாம். விரியன் எங்கே என்று கேட்டவர்களுக்கு நாங்கள் விடை சொல்லச் சொல்ல, நான்காம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அப்படின்னா அது நெருப்புல விழுந்து செத்துப்போச்சு, அக்கா, அதான் இல்லை," என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

'பஞ்சுருட்டான்' என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பிய தாள் இப்போது அந்தக் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. தாத்தாவுக்கு இரண்டு 'ட'வும் சரியாக வருகிறதாம், 'ஞ்சு'தான் சிரமமாம். இதை எழுதும் இந்த மார்ச் மாதத்தில் அவர் கட்டிலை விட்டு எழுவதில்லை. ஏப்ரலில் பறவைகள் ஆப்பிரிக்காவிலிருந்து வரும். அவற்றின் கூவலைத் தம் காது இன்னும் மறக்கவில்லை என்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி, சித்தியும் இன்னொருவரும் சேர்ந்து அவருடைய கட்டிலைத் தெற்குப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.